குதிகால் ஒட்டி நில்லு

அலமாரி வீட்டுக்கு வந்த ஒன்பதாம் நாள், அதன் கதவின் உட்புறத்தில் அவள் போடாத ஒரு கோடு இருந்தது.

மகளின் பள்ளிச் சீருடையை எடுக்கக் கதவைத் திறந்தவள், ஹேங்கரைத் தொட்ட கையை அப்படியே வைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள். அவள் போட்டிருந்த கோடு சிவப்பு. கிளினிக் மேஜையிலிருந்து கொண்டுவந்த பென்சிலால், பக்கத்தில் தேதியும் 105.4 என்ற அளவும் எழுதித் தன் கையாலேயே போட்டது. இந்தப் புதுக் கோடு சாம்பல் நிறத்தில், தேதியோ எண்ணோ இல்லாமல், சிவப்புக் கோட்டுக்கு வலப்பக்கம் நாலு விரல் தள்ளி, நூல் பிடித்தாற்போல் அதே உயரத்தில் இருந்தது. வெளியே மூன்றாவது நாளாக மழை. ஜன்னலைத் திறக்க முடியாததால் புது வார்னிஷின் இனிப்பான நெடி அறை முழுக்கத் தேங்கி, மடித்து வைத்த துணிகளிலும் ஏறியிருந்தது.

"என்னங்க, இங்க கோடு ஏதாவது போட்டீங்களா?"

"எங்க?" என்றான் கணவன், குளியலறையிலிருந்து, வாய் நிறையப் பற்பசையோடு.

"அலமாரிக் கதவுல."

"உன் அலமாரியை நான் தொடுவேனா? கண்ணு பட்டுடும்னு சரியா பார்க்கக்கூட இல்லையே."

கிண்டல்தான். பத்து வருஷமாகக் கேட்டுப் பழகிய கிண்டல். ஆனால் 'நான் போடலை' என்ற நேரான பதில் அதில் வரவில்லை என்பதை அவள் கவனித்தாள்.

அவள் குழந்தைகள் மருத்துவர் ஒருவரின் கிளினிக்கில் நர்ஸ். பதினோரு வருஷமாக, ஒரு நாளைக்கு முப்பது நாற்பது குழந்தைகளைச் சுவரோரம் இருக்கும் அளவுப்பலகையில் நிறுத்தி உயரம் எடுப்பது அவள் வேலை. "குதிகால் ஒட்டு. முட்டியை மடக்காதே. நேரா பாரு. மூச்சை இழு." இந்த நாலு வாக்கியங்களையும் அவள் தூக்கத்தில்கூடச் சொல்கிறாள் என்று உறவுக்காரர்கள் முன்னால் கணவன் நடித்துக் காட்டுவான். அழுகிற குழந்தை, நெளிகிற குழந்தை, குதிகாலைத் தூக்கி ஏமாற்றப் பார்க்கிற குழந்தை எல்லாம் அவள் கைக்கு ஒரு நிமிஷம் அடங்கி நிற்கும். மூன்று தடவை அளப்பாள். மூன்றும் ஒன்றாக வந்தால்தான் எழுதுவாள்.

அவள் சொந்தக் குழந்தைக்கு ஆறு வயது. பார்த்தால் நாலு என்பார்கள். வீட்டில் எல்லாரும் சுண்டு என்றே கூப்பிடுவார்கள். கிளினிக் சுவரில் தொங்கும் வளர்ச்சி வரைபடத்தில் ஐந்து கோடுகள் வளைந்து வளைந்து மேலே போகும். சுண்டுவின் புள்ளிகள் எல்லாவற்றுக்கும் கீழே இருக்கும் கோட்டைத் தொற்றிக்கொண்டுதான் இத்தனை வருஷமும் வந்திருக்கின்றன. நோய் ஒன்றும் இல்லை, சத்துக் குறைவும் இல்லை என்று எல்லாப் பரிசோதனையும் சொல்லிவிட்டது. "வளருவா. நீ நர்ஸா இருக்கப் போறியா, அம்மாவா இருக்கப் போறியா? ரெண்டுமா ஒரே நேரத்துல இருந்தா அந்தப் பிள்ளை பாவம்" என்பார் டாக்டரம்மா. அவளுக்கும் புரியும். ஆனாலும் மனசு கேட்காது. அந்தக் கீழ்க்கோட்டிலிருந்து ஒரு புள்ளி நழுவிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவளுக்கு எப்போதும் இருந்தது.

அலமாரியை வாங்கியதும் அந்தப் பயத்தில்தான். அன்று பள்ளியில் உயர வரிசைப்படி நிற்கவைத்துப் படம் எடுத்திருந்தார்கள். வரிசையில் முதல் ஆள் சுண்டு. "நான் எப்பவுமே ஃபர்ஸ்ட்டும்மா" என்று அவள் பெருமையாகச் சொன்னதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் கையைப் பிடித்து நடந்து வந்தபோது, பழைய மரச்சாமான்களைப் புதுப்பித்து விற்கும் கடை வாசலில் அது நின்றது. அறுபது வருஷத்துக்கு முந்தின மாடல். தேன் நிறத் தேக்கு. அலங்காரம் எதுவும் இல்லாத ஒரே பெரிய கதவு. கீழே போகப் போகக் குறுகி, பித்தளைத் தொப்பி போட்ட நாலு கால்கள் வெளிப்பக்கம் லேசாகச் சாய்ந்து, மொத்த அலமாரியையும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தூக்கிப் பிடித்திருந்தன. கதவு திறந்து கிடந்தது.

அவள் தலை கிளிப் வாங்குவதற்கே நாலு கடை ஏறி இறங்குகிறவள். அன்று என்ன வந்ததோ. சுண்டு அவள் கையை உதறிவிட்டு ஓடிப் போய், திறந்த கதவின் உட்புறத்தில் முதுகை வைத்து, தோளைச் சேர்த்து, நேராகப் பார்த்து நின்றாள். "அம்மா, அளந்து பாரு!"

கடைக்காரர், விரலெல்லாம் பாலிஷ் கறை ஏறிய ஐம்பது வயது மனிதர், சிரித்துவிட்டார். "பாப்பாவே செலெக்ட் பண்ணிட்டா மேடம். இனிமே நாம பேசி என்ன ஆகப்போகுது?"

அவளும் சிரித்தாள். பத்து நிமிஷத்தில் விலை பேசாமல் வாங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அதே கதவில் சுண்டுவை நிறுத்திச் சிவப்புக் கோடு போட்டபோது ஒன்று மட்டும் உறுத்தியது. அளவுப்பலகை என்றால் தரை வரைக்கும் இருக்க வேண்டும்; குதிகாலுக்குப் பின்னால் பலகை வேண்டும். இந்தக் கதவோ ஒரு சாண் மேலேயே முடிந்துவிடுகிறது. சுண்டுவின் குதிகாலுக்குப் பின்னால் வெறும் இடைவெளிதான். வீட்டு அளவுதானே என்று விட்டுவிட்டாள். கிளினிக்கில் வேறு யாராவது அப்படி அளந்திருந்தால் அவள் சும்மா விட்டிருக்க மாட்டாள்.

சாம்பல் கோட்டைப் பார்த்த அன்று மதியம் கடைக்காரருக்குப் போன் செய்தாள்.

"அது ஒண்ணும் இல்ல மேடம்," என்றார் அவர், நிதானமாக. "உள்பக்கம் பழைய பென்சில் கோடுங்க இருந்துச்சு. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன். ஆனா அழுத்தி எழுதினது மரத்துல பள்ளமா நிக்கும். மழைக் காத்து பட்டா மரம் உப்பி அந்தத் தடம் மேல வரும். லேசா தேய்ச்சு விடுங்க, போயிடும்."

நம்பும்படிதான் இருந்தது. தேய்த்தாள், போயிற்று. தேய்த்த இடத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தபோது வழவழவென்று இருந்தது. பள்ளம் எதுவும் கையில் தட்டவில்லை. அதற்குப் பிறகு, தான் போட்ட அளவு சரிதானா என்று ஒரு சந்தேகம் வர, சுண்டுவைக் கூப்பிட்டு அதே இடத்தில் மறுபடி நிறுத்தினாள். 105.4. சரிதான்.

மூன்றாம் நாள் கோடு திரும்ப வந்தது, அரை சென்டிமீட்டர் மேலே.

பழைய தடம் என்றால் பழைய இடத்தில்தானே வர வேண்டும்? டேப்பை எடுத்து அளந்தாள். 105.9. மரம் எழுதாது. கை வேண்டும். வீட்டில் இருப்பது மூன்று பேர். சுண்டுவுக்கு அந்த உயரம் எட்டும், ஆனால் இப்படி ஒரு நேர்கோடு இழுக்கக் கை வராது. மிச்சம் ஒருவன்தான். டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக் கொடுக்கிறவன். காதில் எப்போதும் ஒரு பென்சில் சொருகியிருக்கும். சுண்டு உயரம் பற்றி அவள் கவலைப்படும்போதெல்லாம் "நான் ரெண்டு கோடு சேர்த்துப் போட்டுட்டா வளர்ந்துடுவா" என்று சிரிக்கிறவன்.

அன்று மாலை அவன் உள்ளே வந்ததும் வராததுமாகக் காதைப் பார்த்தாள். சாம்பல் நிறப் பென்சில்.

"என்ன, அப்படி முறைக்கிற?"

"ஒண்ணும் இல்ல."

மறுநாள் சுண்டு குளித்துவிட்டு ஈரக்காலோடு வந்தபோது மறுபடி கதவில் நிறுத்தினாள். 105.4. அப்படியே இருந்தது. "போ" என்று அனுப்பிவிட்டுக் கீழே பார்த்தாள். தரையில் ஈரத் தடம். பத்து விரல்களும் முன்பாதமும் பதிந்திருந்தன, குதிகால் பதியவில்லை.

"ஏய், குதிகாலைத் தூக்கினியா?"

"தூக்கலைம்மா. நேராத்தான் நின்னேன்."

"பொய் சொல்லாத."

"சத்தியமா தூக்கலை!" என்றாள் சுண்டு, கண்ணில் தண்ணீர் முட்ட. அவள் பொய் சொன்னால் உதடு ஒரு பக்கம் இழுக்கும். இழுக்கவில்லை. தரையைத் துடைக்கக் குனிந்தவள், கதவுக்கு அடியில் கொஞ்சம் தள்ளி, இன்னும் இரண்டு சின்ன ஈர வட்டங்களைப் பார்த்தாள். குதிகால் அளவுக்கு இருந்தன. துணி சொட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவற்றையும் சேர்த்துத் துடைத்தாள்.

அந்த வாரம் கிளினிக்கில், கூட்டம் குறைந்த மாலை நேரத்தில், சுண்டுவை அளவுப்பலகையில் நிறுத்தினாள். தலைப்பலகையை இறக்கினாள். படித்தாள். திரும்ப இறக்கினாள். திரும்பப் படித்தாள்.

104.9.

மூன்று தடவையும் அதேதான். டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "எத்தனை வருஷ சர்வீஸ் உனக்கு? காலைல அளந்தா ஒண்ணு, நாள் பூரா குதிச்சுட்டுச் சாயங்காலம் அளந்தா ஒண்ணு. அரை சென்டிமீட்டர் எல்லாக் குழந்தைக்கும் இறங்கும். நீதானே புதுசா வர்ற பொண்ணுங்களுக்குச் சொல்லித் தர்றே?"

உண்மைதான். அவளே சொல்லித் தருவாள். அந்த உண்மையைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய், கதவைத் திறந்து பார்த்துவிட்டு, சுண்டுவை நிறுத்தினாள். காலையில் நிறுத்தினாள். பள்ளி விட்டு வந்ததும் நிறுத்தினாள். வீட்டில் 105.4 என்ற அளவு ஒரு மயிரிழை அசையவில்லை. ஒவ்வொரு முறையும் சாம்பல் கோடு மட்டும் இருந்த இடத்தில் இல்லாமல் கொஞ்சம் ஏறியிருந்தது. தேய்ப்பாள், வரும். தேய்ப்பாள், இன்னும் மேலே வரும். உப்புத்தாள் தேய்த்த மரத்தூள் அவள் நகக்கண்ணில் ஏறி, சாப்பிடும்போதும் வார்னிஷ் வாசனை வந்தது.

அடுத்த வாரம், காலையில், கிளினிக் திறந்த கையோடு அளந்தாள். 104.1.

அன்று வந்த எல்லாக் குழந்தைகளையும் பழைய சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். ஒரு குழந்தைக்கும் குறையவில்லை. பலகை சரி. அவள் கை சரி. மதியம் வீட்டுக்கு ஓடி வந்து சாம்பல் கோட்டை அளந்தாள். 106.7. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தாள். சுண்டு இழந்தது ஒன்று புள்ளி மூன்று. கோடு ஏறியதும் ஒன்று புள்ளி மூன்று. முதல் தடவையும் அப்படித்தான்: அரை குறைய, அரை ஏறியிருந்தது.

சீட்டை நாலாக மடித்துப் பைக்குள் திணித்தாள்.

சுண்டுவின் சீருடைப் பாவாடை முழங்காலுக்குக் கீழே தொங்கியது. போன மாதம் வாங்கிய ஷூ, நடக்கும்போது டப் டப்பென்று அடித்தது. "லூஸ் விட்டுப் போச்சும்மா" என்றாள் குழந்தை, ஷூவைக் குறை சொல்கிற மாதிரி. அவளை மடியில் உட்காரவைத்துக் கட்டிக்கொண்டபோது முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாகவே மடிக்குள் அடங்கினாள். அப்படி அடங்கியது தாய்க்குச் சுகமாக இருந்தது. அது சுகமாக இருந்ததை நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது.

கணவன் வந்ததும் வெடித்தாள்.

"போதும்ங்க விளையாட்டு. அந்தக் கோட்டை யார் போடறது? உண்மையைச் சொல்லுங்க."

"எந்தக் கோடு? நீ தினம் காலையும் சாயங்காலமும் அந்தப் பிள்ளையை அங்க நிக்க வைக்கிற, தேய்க்கிற, எழுதுற. நான் எதுவுமே சொல்லலையே."

"உங்க பென்சில் நிறம்தான் அது."

"ஊர்ல இருக்கிற பென்சில் எல்லாம் அந்த நிறம்தான்." அவன் காதிலிருந்த பென்சிலை எடுத்து மேஜையில் வைத்தான். சிரிக்கவில்லை. "என்னையே சந்தேகப்படுற அளவுக்கு வந்துட்டியா? குழந்தை விஷயத்துல நான் உன்னை ஏமாத்துவேனா?"

மேஜையிலிருந்த பென்சிலை எடுத்து, வீட்டில் இருந்த மற்றப் பென்சில்களையும் சேர்த்து, தன் கைப்பையில் போட்டுப் பூட்டினாள். அவன் அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றான்.

மறுநாள் காலை கதவைத் திறந்தாள். கோடு புதிதாக ஏறவில்லை. அதற்கு மறுநாளும் ஏறவில்லை. பென்சிலைப் பூட்டியதால்தான் என்று ஒரு நிமிஷம் தோன்றியது, அப்படியானால் கணவன்தான். அந்த நினைப்பில் ஒரு நிம்மதிகூட வந்தது. கெட்ட நிம்மதி. அப்புறம்தான் உறைத்தது. இந்த இரண்டு நாளும் சண்டையில், கோபத்தில், அவள் சுண்டுவை அங்கே நிறுத்தவே இல்லை.

ஒவ்வொரு நாளாக யோசித்துப் பார்த்தாள். சந்தேகம் வந்தபோதெல்லாம் நிறுத்தியிருக்கிறாள். நிறுத்திய பிறகுதான் கோடு ஏறியிருக்கிறது, குழந்தை குறைந்திருக்கிறாள். பயந்தவள் அளந்தாள். அளந்ததால் பயந்தாள். தன் கையாலேயே, தோளைப் பிடித்து, நேராக நிற்கவைத்து, ஒவ்வொரு தடவையும் மகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்திருக்கிறாள்.

யாருக்கு என்றுதான் தெரியவில்லை.

அலமாரிக் கைப்பிடியில் ஒரு துப்பட்டாவைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். "இதை யாரும் திறக்கக் கூடாது" என்றாள். ஏன் என்று சொல்லவில்லை. சொன்னால் கணவன் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். சொல்லியிருக்க வேண்டும் என்று பிற்பாடு நினைத்தாள்.

சனிக்கிழமை மதியம், கிளினிக் முடிந்ததும், நேராகக் கடைக்குப் போனாள். மழை விட்டிருந்தது. கடைக்காரர் ஒரு நாற்காலியின் பழைய வார்னிஷைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சுருள் சுருளாக அது காலடியில் விழுந்து கிடந்தது.

"உள்பக்கம் இருந்த கோடுங்க," என்றாள், வணக்கம்கூடச் சொல்லாமல். "எப்படி இருந்துச்சு? சரியா நினைவுபடுத்திச் சொல்லுங்க."

அவர் சுரண்டியைக் கீழே வைத்தார். "பிள்ளைங்க உயரம் குறிக்கிற கோடு மேடம். எல்லா வீட்டு அலமாரியிலயும் இருக்கும். இதுல ரெண்டு வரிசை. பக்கத்துப் பக்கத்துல. அண்ணன் தங்கச்சியா இருக்கும்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"ரெண்டும் ஒரே இடத்துல, ஒரே தேதியில ஆரம்பிச்சுது. ஒரு வரிசை தேதி ஏற ஏற மேல போச்சு. சரிதானே? இன்னொண்ணு..." அவர் தாடையைச் சொறிந்தார். "தேதி ஏற ஏறக் கீழ வந்துச்சு. யாரோ தேதியைத் தலைகீழா எழுதிட்டாங்கன்னு விட்டுட்டேன். பிள்ளைங்க எங்கயாவது குறையுமா?"

"கீழன்னா, எது வரைக்கும்?"

அவர் இடுப்பருகே கையை வைத்தார். யோசித்தார். கையை முழங்காலுக்கு இறக்கினார். பிறகு குனிந்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் விரலை நீட்டிக் காட்டினார். "கதவு முடியற இடம் வரைக்கும் மேடம்."

அவள் கைப்பையில் போன் அடித்தது. கணவன்.

"எங்க இருக்க?" குரலில் பழைய உற்சாகம். "சீக்கிரம் வா. ஒரு நல்ல விஷயம். நான் கோடு போட்டு ஏமாத்துறேன்னு சொன்னியே? இன்னைக்கு நானே முறைப்படி அளந்துட்டேன். புதுப் பென்சில், டேப்பு, தலைல வைக்கப் புத்தகம், எல்லாம் உன்னை மாதிரியே. உன் பொண்ணு வளர்ந்துட்டா! நூத்தி ஒன்பது!"

"எங்க வச்சு அளந்தீங்க?"

"எங்கயா? அலமாரியிலதான். அவதான் கூட்டிட்டுப் போனா. நீ போட்ட முடிச்சை அவிழ்க்கவே பத்து நிமிஷம் ஆச்சு."

"அவளை அங்கேருந்து எடுங்க."

"என்னது?"

"எடுங்க! தூக்கிட்டு வெளிய வாங்க!"

"சிக்னல் விட்டு விட்டு வருது. இரு, இன்னொரு தடவை நிக்க வச்சுச் சரி பார்த்துடறேன். நீதானே மூணு தடவை அளக்கணும்னு சொல்லுவ..."

போன் கட்டாகியது. அவள் ஓடினாள்.

இரண்டு தெரு. தேங்கிய தண்ணீர் புடவையில் அடித்தது. செருப்பு ஒன்று எங்கேயோ கழன்றது. மாடிப்படி. இருபத்தி இரண்டு படி. வாசல் கதவு திறந்திருந்தது. வார்னிஷ் நெடி படிக்கட்டு வரைக்கும் வந்திருந்தது.

"வந்துட்டியா? இங்க வா!" என்றான் கணவன் உள்ளேயிருந்து.

சுண்டுவின் அறை. ஜன்னல் வழியாக நல்ல வெயில். பல நாள் கழித்து வந்த வெயில். அலமாரிக் கதவு அகலத் திறந்து சுவருக்குக் குறுக்கே நின்றது. அதன் உட்புறத்தில் முதுகை வைத்து, தோளைச் சேர்த்து, சுண்டு நின்றாள். அவள் தலைமேல் ஒரு தடித்த புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி, கண்ணைச் சுருக்கி டேப்பைப் படித்துக்கொண்டிருந்தான் கணவன். குழந்தையின் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாரும் தலையைத்தான் பார்ப்பார்கள்.

"அம்மா, நான் வளர்ந்துட்டேன்!" என்றாள் சுண்டு. சிரித்தாள். குரல் மெல்லியதாக இருந்தது. சின்னதாக. சட்டைக் கை விரல் நுனியையும் தாண்டித் தொங்கியது.

அவள் கீழே பார்த்தாள்.

சுண்டுவின் பாதங்கள் தரையைத் தொடவில்லை. நாலு விரல் உயரத்தில், நேராக, ஆடாமல் நின்றன. அவற்றுக்கு அடியில் தரையின் கட்டம் தெளிவாகத் தெரிந்தது. வெயில் தெரிந்தது.

கதவு முடியும் இடத்துக்கும் தரைக்கும் நடுவில், அந்த ஒரு சாண் இடைவெளியில், இன்னொரு ஜோடிக் கால் இருந்தது. அந்தப் பக்கம் பார்த்து. பெரியது. தரையில் அழுந்தப் பதிந்து நின்றது. முதுகோடு முதுகு சேர்த்து, யார் உசரம் என்று பிள்ளைகள் விளையாடுவார்களே, அப்படி. அதன் குதிகால் மேல் சுண்டுவின் குதிகால் ஏறி உட்கார்ந்திருந்தது.

"நூத்தி பத்து," என்றான் கணவன், மூச்சை இழுத்துக்கொண்டு. "பாரேன், நூத்தி பத்து!"

அவள் முழங்காலில் விழுந்து, இரண்டு கையாலும் மகளின் பாதங்களைப் பிடித்தாள். பதினோரு வருஷமாக எத்தனையோ குழந்தைகளின் பாதங்களைப் பிடித்து நேராக்கிய கை. சுண்டுவின் பாதம் அவள் உள்ளங்கைக்குள் முழுசாக அடங்கியது. மரம்போல் சில்லென்று இருந்தது. பிடித்த விரல்களின் புறத்தில், பின்னாலிருந்த மற்றக் குதிகால் பட்டது.

அது வெதுவெதுப்பாக இருந்தது.

இழுத்தாள். வரவில்லை. கத்தப் பார்த்தாள். வாயில் வந்தது அந்த நாலு வாக்கியம்தான், அதுவும் சத்தமில்லாமல். கணவனின் இரண்டு கைகளும் புத்தகத்தில் இருந்தன. புதுப் பென்சில் அவன் காதில் இருந்தது. சுண்டுவின் தலைக்குப் பின்னால், மரத்தின் மேல், ஒரு பென்சில் இடமிருந்து வலமாக மெதுவாகக் கோடு இழுக்கும் சத்தம் கேட்டது. அது நின்றதும், அவள் கைக்குள் இருந்த சின்னப் பாதங்கள் இன்னும் ஒரு விரல் மேலே ஏறின.